கழுவிய கார்

மைனஸ் இருபத்தொன்பது.
நாரினில் இந்த நேரத்துக்கு
நாய்கூடக் குரைப்பதைத் தள்ளிப்போடும்.

நாலரைக்கே மூன்று பேர் ஏறிவிட்டார்கள்.
முன்னால், சொத்தைப் பல்லும் வீங்கிய கன்னமுமாகக்
கணக்கர் ஷாயிர்பெக்.
பின்னால் மல்யுத்தப் பையன் பெக்துர்.
பக்கத்தில், மகள் வீட்டுக்குக் குதிரைத் தொடை கொண்டுபோகும்
அனார்குல்.
பிஷ்கெக் ஐந்து மணி நேரம்,
நடுவில் தோலோன் கணவாய்.

கிளட்ச்சை விட்டேன்.
சந்தைக்கு வரமாட்டேன் என்று காலூன்றும் ஆட்டைப்போல
கார் ஒரு முழம் இழுபட்டு நின்றது.
இறங்கிப் பார்த்தேன்.
முன்சக்கரங்கள் பனியைக் கிளறியிருந்தன.
பின்சக்கரங்கள் சுழலவேயில்லை,
வெறும் இரண்டு கோடு.

ஹேண்ட்பிரேக் நிமிர்ந்து நின்றது.

அக்டோபரில் இறக்கினால்
மார்ச் வரை நான் அதைத் தொடுவதில்லை.
கியரில் போட்டு, சக்கரத்தடியில் ஒரு செங்கல்;
எங்கள் தெரு முழுக்க அப்படித்தான்.
இப்போது இறக்கினேன்.
கைப்பிடி இறங்கியது,
கேபிளுக்குச் சேதி போகவில்லை.

தின்ச்திக்.
தங்கையின் கணவன், ஜலாலாபாத்காரன்,
வேலை போய் எங்களோடு வந்து நாற்பது நாள்.
சும்மா உட்கார்ந்து சாப்பிடும் கூச்சத்தில்
நேற்று மதியம் கொஞ்சம் வெயில் தலைகாட்டவே
வாளி வாளியாகச் சுடுதண்ணீர் ஊற்றிக்
காரைக் கழுவியிருக்கிறான்.
சக்கரத்துக்குள் பிரஷ் விட்டுத் தேய்த்திருக்கிறான்.
பிறகு, சரிவில் நிற்கிறதே, உருண்டுவிடுமே என்று
ஹேண்ட்பிரேக்கையும் ஏழு பல் இழுத்துவிட்டு
நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான்.
தண்ணீர் ஒரு நல்ல எண்ணம்.
பிரேக் இன்னொரு நல்ல எண்ணம்.
இரண்டும் ராத்திரியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

'கெட்டில் நிறையச் சுடுதண்ணி ஊத்து' என்றாள் அனார்குல்.
நேற்று ஊற்றியதும் அதுதான் என்றேன்.
ஷாயிர்பெக் கன்னத்தைப் பிடித்தபடி
பத்து மணிக்கு டாக்டர் என்றார்,
என்னிடமா, பிரேக்கிடமா, தெரியவில்லை.
பெக்துர் எதுவும் சொல்லாமல் இறங்கி
டிக்கியில் தோளைக் கொடுத்தான்.

அப்போது அவன் வந்தான்.
மேலே என் கணவரின் கோட்டு, காலில் வீட்டுச் செருப்பு.
சக்கரத்தைப் பார்த்தான். கைப்பிடியைப் பார்த்தான்.
என்னைப் பார்க்கவில்லை.
'சுத்தியல்?'

என் வாயில் ஒரு வசவு தயாராக இருந்தது.
நல்ல வசவு,
குதிரைத் தரகர்களிடம் கேட்டுப் பழகியது.
மூச்சு மட்டும்தான் வெளியே வந்தது, வெள்ளையாக.

பனியில் மல்லாந்து படுத்தான்.
அமைதி என்பதுதான் அவன் பெயருக்குப் பொருள்;
அந்த அமைதி டிரம்மில் அறைந்த அறையில்
எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது,
அதற்கடுத்த வீட்டிலும்.
ஒரு அடி, நான் முதல் கியர்.
ஒரு அடி, ரிவர்ஸ்.
முன்னே ஒரு சாண், பின்னே ஒரு சாண்,
பையன் முனக, அனார்குல் இறைச்சியைக் கட்டிக்கொண்டு
கடவுளிடம் ஏதோ பேரம் பேச,

டக்.

பல் பிடுங்கும்போது காதுக்குள் கேட்குமே,
அவ்வளவு சின்னச் சத்தம்.
ஷாயிர்பெக்கின் கை கன்னத்தில் இறுகியது.
அடுத்த சக்கரம் அடி வாங்காமலே விட்டது.

கண்ணாடியை இறக்கினேன்.
அவன் நின்றிருந்தான், முதுகெல்லாம் பனி,
சுத்தியலைத் திருப்பித் தரவா வேண்டாமா என்பதுபோல.
எத்தனையோ சொல்லியிருக்கலாம்.
'செருப்போட நிக்காதே, உள்ளே போ.'

நள்ளிரவுக்கு மேல் திரும்பினேன்,
கணவாயின் சேறும் உப்பும் கதவுவரை அப்பியிருக்க.
நான் நிறுத்தும் இடத்தில் செங்கலைக் காணோம்.
பதிலுக்கு இரண்டு மரக்கட்டைகள்,
ஆப்பாகச் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து,
உறைந்தாலும் இழுத்தெடுக்க
ஆளுக்கொரு கயிறு முடிந்து.

அந்தச் சரிவுக்கு ஒன்றே போதும்.
இரண்டையும் வைத்தேன்.

வாளியை மட்டும்
நிலவறையில் இறக்கிவிட்டுப் போய்ப் படுத்தேன்.